தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கும்போது கால் ஏன் பிடிப்பை இழக்கிறது?

பாலாற்றிலோ காவேரிப்பாக்கம் ஏரியிலோ இறங்கி வலை வீசுபவர்கள் எவ்வளவு ஆழம் வரை போகலாம் என்பது கேள்வி. ஓடும் தண்ணீரில் முழங்காலைத் தாண்ட வேண்டாம். தேங்கிய தண்ணீரில் இடுப்போடு நின்றுவிடுங்கள்.

காரணம் மிதப்பு, அதாவது தண்ணீர் நம்மை மேலே தூக்குவது. கிணற்றில் குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை கயிறு லேசாக வரும். வெளியே வந்ததும்தான் கனக்கும். நம் உடம்பும் அப்படித்தான். மார்பளவு ஆழத்தில் பாதத்தில் விழும் எடை மிகவும் குறைந்து, தரையில் பிடிப்பே இருக்காது. அப்புறம் ஓட்டம்: வேகம் 2 மடங்கானால் தள்ளும் விசை 4 மடங்கு.

நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து, ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள். கலங்கல் நீரில் அவை கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் ஆழம் அடுத்த அடியிலேயே ஆளை முழுங்கிவிடும். மூங்கில் கழி கட்டாயம் வேண்டும். முன்னால் ஊன்றிப் பார்த்துவிட்டு, காலைத் தூக்காமல் தேய்த்தபடியே நகருங்கள். வலைக் கயிற்றை மணிக்கட்டில் இறுக்கி முடிச்சுப் போடாதீர்கள், தயவுசெய்து. உதறினால் கழன்று வர வேண்டும். தனியாகப் போகவே வேண்டாம்.

நீச்சல் தெரிந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். லுங்கியும் வலையும் காலைச் சுற்றிக்கொண்டால் நல்ல நீச்சல்காரரும் கை கால் அசைக்க முடியாது.