சார்ஜ் ஓப்பனரில் ஒயின் தக்கை பாதியில் நிற்பது ஏன்?

பெங்களூரிலிருந்து தம்பி வாங்கி வந்த சார்ஜ் ஓப்பனர், கிருஷ்ணகிரி வீட்டில் தக்கையைப் பாதி இழுத்து நின்றுவிடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் சார்ஜ் குறைவுதான். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் பேட்டரி தானாகவே இறங்கிவிடும். முந்தின நாளே ஏற்றி வையுங்கள், கரண்டை நம்ப முடியாது.

அடுத்தது, பிடிக்கும் விதம். பாட்டில் வாயில் சுற்றியிருக்கும் உறையை முதலில் வெட்டி எடுங்கள். பாட்டிலை மேசையில் நிறுத்தி, ஓப்பனரைச் செங்குத்தாக வைத்துக் கீழ்ப் பொத்தானை அழுத்துங்கள். சாய்ந்தால் திருகு தக்கையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும், மோட்டார் திணறும். பலம் கொடுத்து அமுக்க வேண்டாம். திருகு தானே இறங்கும், அப்புறம் தக்கை மேலேறி வரும். அதுவரை பொத்தானிலிருந்து விரலை எடுக்காதீர்கள். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். நடுவில் நின்றுபோனால் மேல் பொத்தானை அழுத்தித் திருகைக் கழற்றி, சார்ஜ் ஏற்றி மறுபடி தொடங்குங்கள்.

திருகு மூடி பாட்டிலுக்கு இந்தக் கருவியே வேண்டாம். நுரைத்துப் பொங்கும் ஒயினுக்கு இதை வைக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் அதிகம், தக்கை சீறிக் கிளம்பும். அதற்குத் துணி போட்டுத் தக்கையை இறுகப் பிடித்து, பாட்டிலை மெல்லத் திருப்புங்கள்.