தத்துவமும் மூளையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தத்துவத்தில் முதுகலை முடித்திருக்கிறேன். நரம்பியல் பக்கம் போக ஆசை. 'இரண்டு படகில் கால் வைக்காதே' என்கிறார் என் பேராசிரியர். மூளை ஆய்வுக்கூடத்தில் தத்துவம் படித்தவனுக்கு என்னதான் வேலை இருக்கிறது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேலை இருக்கிறது. அமெரிக்க நரம்பியல் அறிஞர் பெஞ்சமின் லிபெட் 1983இல் வெளியிட்ட சோதனையையே எடுத்துக்கொள்வோம். சோதனையில் பங்கேற்றவர்களிடம், தோன்றும்போது கையை அசைக்கச் சொன்னார். அசைவுக்குச் சுமார் 550 மில்லிவினாடி முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிட்டது. அசைக்கும் எண்ணம் வந்ததாக அவர்கள் குறிப்பிட்ட நேரமோ சுமார் 200 மில்லிவினாடி முன்புதான். உடனே, நமக்குச் சுதந்திரமான விருப்பமே இல்லை என்று பலர் எழுதிவிட்டார்கள்.

ஆல்ஃபிரட் மீலி போன்ற தத்துவ அறிஞர்கள் அங்கேதான் குறுக்கிட்டார்கள். அந்த மின்மாற்றத்தை 'முடிவு' என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வெறும் உந்துதலாக இருக்கலாமே? இதைச் சொற்சண்டை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2012இல் ஆரோன் ஷர்கரும் உடன் ஆய்வாளர்களும் வேறொரு விளக்கம் தந்தார்கள். மூளையின் மின்செயல்பாடு எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அது ஓர் எல்லையைத் தொடும்போது கை அசைகிறது. அசைந்த கணத்திலிருந்து பின்னோக்கிப் பல பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், அந்த ஏற்ற இறக்கமே மெல்ல ஏறும் கோடாகத் தெரியும். அப்படியானால் கோட்டின் தொடக்கத்தில் முடிவு எதுவும் எடுக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.

அளந்தது எதை, அதற்கு வைத்த பெயர் சரியா என்று கேட்பதுதான் உங்கள் வேலை. ஆனால் அந்தச் சராசரியை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரியாமல் இதைக் கேட்க முடியாது. பட்ரீசியா சர்ச்லேண்ட் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்துக்கொண்டே அங்குள்ள மருத்துவக் கல்லூரிக்குப் போய் மூளையைப் பற்றிப் படித்தார். அப்புறம்தான் 1986இல் 'நியூரோஃபிலாசஃபி' என்ற அவருடைய நூல் வந்தது. அவருடைய முடிவுகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆசிரியராக இருந்துகொண்டே இன்னொரு துறையில் மாணவராகப் போய் உட்கார்ந்தாரே, அதை நினைத்தால் இன்றும் மதிப்பு கூடுகிறது.

சரி, உங்கள் பேராசிரியர் சொன்னதிலும் நியாயம் உண்டு. வேலையும் பதவி உயர்வும் இன்னும் துறைவாரியாகத்தான் நடக்கின்றன. அதனால் முனைவர் பட்டத்தை ஒரு துறையில் உறுதியாகச் செய்யுங்கள். மற்றதில் புள்ளியியலும் ஒரு சோதனை முறையும் கைப்பழக்கமாகும் அளவுக்கு ஆய்வுக்கூடத்தில் இருங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை. உங்களை விடாமல் துரத்தும் கேள்வி எது? நினைவா, வலியா, 'நான்' என்ற உணர்வா? எந்த ஆய்வுக்கூடம் என்பது அதைப் பொறுத்தது. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.