தேசிய தடகளப் போட்டி முடிவுகளை எப்படிப் படிப்பது? கேள்வி பதில்

தேசிய அளவிலான தடகளப் போட்டி ஒன்று முடிந்ததும் பதக்கப் பட்டியல் எல்லோர் கைக்கும் வந்துவிடுகிறது. அதோடு சந்தேகங்களும் வருகின்றன. பல வருடங்களாக மைதானத்தில் நடுவராக நின்றவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன். யார் என்ன நிறப் பதக்கம் வாங்கினார் என்பதோடு நிறுத்திவிடாமல், பக்கத்தில் இருக்கும் சின்ன எண்களையும் எழுத்துகளையும் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஒரு வீரர் அன்று உண்மையில் என்ன செய்தார் என்பது அங்கேதான் தெரியும்.

சார், 2022-ல் கோழிக்கோட்டில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் நீளம் தாண்டுதலில் நம்ம ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஆனால் 8.36 தாண்டி வெள்ளி வாங்கிய ஸ்ரீசங்கருக்குத்தான் தேசிய சாதனை என்றார்கள். இது என்ன நியாயம்?

நியாயம்தான் தம்பி. தங்கம் வேறு கணக்கு, சாதனை வேறு கணக்கு. அன்றைக்கு அதே மைதானத்தில் அதிக தூரம் தாண்டியவருக்குத் தங்கம். காற்று எப்படி அடித்தாலும் அது மாறாது. சாதனையாகப் பதிவாக வேண்டுமென்றால் பின்னாலிருந்து வீசும் காற்று வினாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஜெஸ்வின் 8.37 தாண்டியபோது காற்று அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. ஸ்ரீசங்கரின் 8.36 வரம்புக்குள் இருந்தது.

இந்த விதி 100 மீட்டர், 200 மீட்டர், பெண்களுக்கான 100 மீட்டர் தடை ஓட்டம், ஆண்களுக்கான 110 மீட்டர் தடை ஓட்டம், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் ஆகியவற்றுக்கு உண்டு. நீளம் தாண்டுதலில் வீரர் ஓடிவரும்போது, தாண்டும் கோட்டுக்கு 40 மீட்டர் தொலைவில் இருக்கும் அடையாளத்தைக் கடந்ததிலிருந்து 5 வினாடிகள் காற்றை அளப்பார்கள். 100 மீட்டரில் துப்பாக்கிச் சத்தத்திலிருந்து 10 வினாடிகள். 200 மீட்டரில் முதல் ஆள் வளைவு முடிந்து நேர்ப் பாதைக்குள் நுழைந்ததும் அளவு தொடங்கும். முடிவுத் தாளில் தூரத்துக்குப் பக்கத்தில் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு ஓர் எண் இருக்குமே, அதுதான் இது.

ஜெஸ்வின் விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. மறு ஆண்டே, 2023 மார்ச்சில், பெல்லாரியில் வரம்புக்குள் இருந்த காற்றில் 8.42 தாண்டி அந்தத் தேசிய சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். தூத்துக்குடி மாவட்டத்துப் பையன். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

ஃபெடரேஷன் கோப்பை, இன்டர் ஸ்டேட், நேஷனல் ஓப்பன் என்று மூன்று சொல்கிறார்கள். எதுதான் தேசிய சாம்பியன்ஷிப்?

மூன்றுமே தேசிய அளவிலான போட்டிகள்தான், மூன்றையும் நடத்துவது இந்தியத் தடகளக் கூட்டமைப்புதான். இன்டர் ஸ்டேட்டில் எல்லோரும் அவரவர் மாநிலத்துக்காக ஓடுவார்கள். ரயில்வேயில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு வீராங்கனையும் அங்கே தமிழ்நாட்டு உடையில்தான் வருவார். ஓப்பனில் ரயில்வே, சர்வீசஸ் (ராணுவப் படைகளின் அணி) போன்ற நிறுவனங்களும் அணிகளாக இறங்கும். அதனால் ஒரே ஆளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு போட்டியில் மாநிலமும் இன்னொன்றில் ரயில்வேயும் இருந்தால் குழம்ப வேண்டாம். மாநிலங்களின் பலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இன்டர் ஸ்டேட் பட்டியலைத்தான் எடுக்க வேண்டும்.

உள்நாட்டுப் போட்டிதானே என்று இவற்றைக் குறைவாக நினைக்கவும் கூடாது. 2023 ஜூனில் புவனேஸ்வரில் நடந்த இன்டர் ஸ்டேட்டில்தான் தஜிந்தர்பால் சிங் தூர் குண்டு எறிதலில் 21.77 மீட்டர் எறிந்து ஆசிய சாதனை படைத்தார். 2021-ல் வாரங்கலில் நடந்த ஓப்பனில் ஹர்மிலன் பெயின்ஸ் 1500 மீட்டரை 4 நிமிடம் 5.39 வினாடியில் ஓடினார். 2002-லிருந்து சுனிதா ராணி வைத்திருந்த தேசிய சாதனை அன்று போனது.

100 மீட்டரில் இரண்டு பேருக்கும் ஒரே நேரம் போட்டிருக்கிறது. ஆனால் ஒருவருக்கு வெள்ளி, ஒருவருக்கு வெண்கலம். தவறாக அச்சிட்டுவிட்டார்களா?

தவறு இல்லை. எல்லைக் கோட்டில் இருக்கும் போட்டோ ஃபினிஷ் கேமரா வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும். ஆனால் முடிவில் நூறில் ஒரு பங்கு வரைதான் எழுதுவோம். மிச்சம் இருந்தால் மேலே ஏற்றிவிடுவோம். 10.321 வினாடியில் வந்தவருக்கும் 10.328-ல் வந்தவருக்கும் 10.33 என்றே பதிவாகும். யார் முந்தினார் என்பதைத் தீர்மானிக்கும்போது மட்டும் அந்த ஆயிரத்தில் ஒன்றைப் பார்ப்போம்.

பார்ப்பது தலையையோ கையையோ காலையோ அல்ல, உடற்பகுதியை. அதனால்தான் ஓட்டக்காரர்கள் கடைசி அடியில் மார்பை முன்னால் தள்ளுகிறார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 வினாடியில் வந்தார். வெண்கலம் 55.41-க்குப் போனது. அதே 55.42-ஐ 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் ஓடி, அந்தத் தேசிய சாதனையைச் சமன் செய்தார். நடுவில் 39 வருடங்கள்.

அண்ணா, நான் கல்லூரி மாணவன். எங்கள் போட்டியில் 100 மீட்டர் 10.9 ஓடினேன். தேசிய முடிவில் எட்டாவதாக வந்தவரே 10.9-க்குக் கொஞ்சம் மேலேதான். நானும் ஃபைனலுக்குப் போயிருப்பேனா?

தம்பி, உன் ஓட்டத்தை ஸ்டாப் வாட்ச்சில் எடுத்தார்களா? ஒரே ஒரு தசம எண் போட்டிருப்பதைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு நேரடியாக ஒப்பிட முடியாது. 100, 200 மீட்டருக்கு 0.24 வினாடியும் 400 மீட்டருக்கு 0.14 வினாடியும் கூட்டிப் பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் உன்னுடையது ஏறத்தாழ 11.14.

இந்த வித்தியாசம் எப்படி வருகிறது என்று புரிந்துகொள். துப்பாக்கி வெடித்த பிறகுதான் நேரக் காப்பாளரின் விரல் அழுத்துகிறது. முடிவிலோ ஆள் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் விரல் சரியாக, சில சமயம் முன்கூட்டியே, அழுத்திவிடுகிறது. புகையைப் பார்த்து அழுத்தாமல் சத்தத்தைக் கேட்டு அழுத்தினால் இன்னும் மோசம். 100 மீட்டர் தூரத்தைக் கடக்க ஒலிக்கே ஏறக்குறைய 0.3 வினாடி ஆகும். அடுத்த போட்டியில் மின்னணு நேரம் உண்டா என்று முதலிலேயே விசாரித்துவிட்டுப் போ. 11.14 ஒரு கல்லூரி மாணவனுக்குக் கேவலமான நேரமே இல்லை, இன்னும் ஓடு.

உயரம் தாண்டுதலில் இரண்டு வெண்கலம் கொடுத்திருக்கிறார்கள். அப்படிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஒரே உயரத்தோடு இருவர் நின்றுவிட்டால், முதலில் அந்த உயரத்தை யார் குறைந்த தவறுகளோடு தாண்டினார் என்று பார்ப்போம். அதிலும் சமம் என்றால் அந்த உயரம் வரை மொத்தத் தவறுகள். அதுவும் சமம் என்றால் இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான். முதலிடத்துக்கு மட்டும் மீண்டும் தாண்டச் சொல்லி முடிவு காண வழி உண்டு. வீரர்கள் வேண்டாம் என்றால் அதுவும் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் 2.37 மீட்டரில் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டது இப்படித்தான். நீளம் தாண்டுதலிலும் எறிதலிலும் வேறு முறை: சமமானால் இரண்டாவது சிறந்த முயற்சியைப் பார்ப்போம்.

முடிவுத் தாளில் டி.என்.எஸ்., டி.என்.எஃப்., டி.கியூ., என்.எம். என்று இருக்கிறதே?

வரிசையாகச் சொன்னால்: தொடங்க வரவில்லை, ஓடி முடிக்கவில்லை, தகுதி நீக்கம், ஒரு முயற்சியும் செல்லவில்லை. பெரிய கியூ என்றால் இடத்தின் அடிப்படையிலும், சின்ன கியூ என்றால் நேரத்தின் அடிப்படையிலும் அடுத்த சுற்றுக்குப் போனவர்கள். டி.கியூ.வுக்குப் பக்கத்தில் விதி எண்ணும் இருக்கும். அதைப் பார்க்காமல் யாரையும் குறை சொல்லாதீர்கள். ஒரே ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட்டிலேயே, அதாவது துப்பாக்கிச் சத்தத்துக்கு முன்பே ஒரு முறை கிளம்பினாலே, வெளியேற்றும் விதி 2010-லிருந்து இருக்கிறது. வருடம் முழுக்க உழைத்துவிட்டு ஓர் அடிகூட ஓடாமல் திரும்பும் பிள்ளைகளைப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கும்.

லட்சுமணனுக்கு 2018-ல் நடந்தது போல் இப்போதும் நடக்குமா?

தெரியாதவர்களுக்காக: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் புதுக்கோட்டை லட்சுமணன் மூன்றாவதாக வந்தார். ஓட்டத்தின் நடுவே பாதையின் உள்விளிம்பைத் தாண்டிக் கால் வைத்தார் என்று வெண்கலத்தை எடுத்துவிட்டார்கள். முந்தைய வருடம்தான் ஆசியத் தடகளத்தில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றிருந்தார்.

அதன் பிறகு விதி கொஞ்சம் இளகியிருக்கிறது. வளைவில் ஒரே ஒரு முறை கால் பட்டுவிட்டால், அதனால் ஆதாயம் ஏதும் இல்லையென்றால், இப்போது தகுதி நீக்கம் கிடையாது. அந்தச் சலுகை ஒரு போட்டிக்கு ஒரு தடவைதான். ஹீட்ஸில் (முதல் சுற்றில்) பயன்படுத்திவிட்டு ஃபைனலில் மறுபடி மிதித்தால் போச்சு. எனக்கு இது நல்ல மாற்றமாகவே படுகிறது.

ஊக்கமருந்தில் ஒருவர் சிக்கினால் பழைய பதக்கங்கள் என்னாகும்?

மாதிரி எடுத்த நாளிலிருந்து அவருடைய முடிவுகள் ரத்தாகும். பின்னால் இருப்பவர்கள் ஓரிடம் மேலே வருவார்கள். அதனால் போட்டி முடிந்த அன்று வந்த பட்டியலே கடைசிப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மேடையில் நிற்க வேண்டிய பெண்ணுக்கு மாதங்கள் கழித்துப் பதக்கம் போய்ச் சேர்கிறது என்பதுதான் இதில் பெரிய அநியாயம்.

ஐயா, என் மகள் தேசியப் போட்டியில் நான்காவதாக வந்தாள். பதக்கம் இல்லை என்று வீட்டில் எல்லோரும் சோர்ந்துவிட்டோம். இதனால் ஒன்றும் பயன் இல்லையா?

அப்பா என்ற முறையில் உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அவள் நேரத்துக்குப் பக்கத்தில் பி.பி. என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வாழ்நாளில் அவள் ஓடிய மிகச் சிறந்த நேரத்தைத் தேசிய ஃபைனலில் ஓடியிருக்கிறாள். அந்த அழுத்தத்தில் அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அப்புறம், உலகத் தரவரிசைக்குப் புள்ளி கொடுக்கும்போது ஓடிய நேரத்துக்கு ஒரு பங்கும், போட்டியின் தரத்தையும் பிடித்த இடத்தையும் வைத்து இன்னொரு பங்கும் சேர்ப்பார்கள். அதில் நான்காம் இடத்துக்கும் மதிப்பு உண்டு. தேர்விலும் அப்படித்தான். 2023 புவனேஸ்வர் போட்டி ஹாங்சோவுக்கான தேர்வுப் போட்டியாகவும் இருந்தது. அதுபோன்ற இடங்களில் கூட்டமைப்பு முன்கூட்டியே அறிவித்த தகுதி அளவை எட்டாமல் தங்கம் மட்டும் வாங்கினால் போதாது. 400 மீட்டராக இருந்தால் ரிலே அணிக்கு முதல் மூவரைத் தாண்டியும் ஆள் தேவை. எந்தப் போட்டி என்று நீங்கள் எழுதவில்லை. அவளுடைய ஹீட்ஸ் நேரம், ஃபைனல் நேரம் இரண்டையும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.