குதிகாலில் உள்ள கருப்புப் பொருக்கை நர்ஸ் ஏன் தொடவில்லை?

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. பக்கவாதம் வந்து 4 மாதமாகப் படுத்த படுக்கை. இடுப்புக்குக் கீழே ஒரு புண், வலது குதிகாலில் கருப்பாக ஒரு பொருக்கு. வீட்டுக்கு வந்த நர்ஸ் இடுப்புப் புண்ணைக் காகித ஸ்கேலால் அளந்தார், பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தார், மோந்துகூடப் பார்த்தார். ‘ஸ்டேஜ் 3’ என்று எழுதினார். குதிகாலைத் தொடவே இல்லை. பார்க்கப் பயமாக இருப்பது அதுதானே? தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவுகிறோம். நுரைக்கிறது, ஆறவில்லை.

பதில்: அந்தப் பாட்டிலை முதலில் மூடி வையுங்கள். நுரையைப் பார்த்தால் அழுக்கெல்லாம் வெளியே வருவது போலத்தான் இருக்கும். ஆனால் ரத்தத்திலும் திசுவிலும் இருக்கிற நொதி பெராக்சைடை உடைக்கும்போது வரும் ஆக்ஸிஜன்தான் அது. புண்ணின் அடியில் புதிதாக முளைக்கும் செல்களையும் அந்த மருந்து விட்டுவைக்காது. கழுவ சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) போதும்.

இனி நர்ஸ் செய்ததைச் சொல்கிறேன். படுக்கைப் புண்ணுக்கு ஸ்டேஜ் என்பது ஆழத்தின் கணக்கு. தோல் கிழியாமல் சிவந்திருந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காவிட்டால் ஸ்டேஜ் 1. நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் இந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்துச் சூடாக இருக்கிறதா, சுற்றியுள்ள தோலைவிடக் கெட்டியாகவோ கொழகொழப்பாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல்தோல் உரிந்தோ, நீர்க்கொப்புளமாகவோ இருந்தால் 2. தோல் முழுசாகப் போய்க் கொழுப்பு தெரிந்தால் 3. தசையோ எலும்போ தெரிந்தால் 4. புண் ஆறி வரும்போது 3-ஐ 2 என்று திருத்தி எழுத மாட்டோம். ‘ஆறிவரும் ஸ்டேஜ் 3’ என்றுதான் எழுதுவோம். போன பழைய சதை அப்படியே திரும்புவதில்லை, அந்த இடத்தில் வருவது தழும்புத் திசு.

பஞ்சுக் குச்சி எதற்கு? மேலே 3 செ.மீ. வாய் இருக்கும், உள்ளே தோலுக்கு அடியில் பொந்து போயிருக்கும். புண்ணைக் கடிகாரமாக வைத்துக்கொள்வோம்: நோயாளியின் தலைப்பக்கம் 12 மணி, கால்பக்கம் 6 மணி. ‘2 முதல் 5 மணி வரை 1.5 செ.மீ. உள்ளே போகிறது’ என்று எழுதிவிட்டால், அடுத்த வாரம் வேறொரு நர்ஸ் வந்தாலும் அதே இடத்தைத் தேடிப் பார்ப்பார். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அளக்க வேண்டும். ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்ற பேச்செல்லாம் எங்களுக்கு உதவாது. இரண்டு வாரமாகியும் அளவு குறையவே இல்லையென்றால் மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும்.

அடியில் ஈரமாக, சிறு மணிமணியாகச் சிவந்திருந்தால் நல்ல சதை வளர்கிறது. மஞ்சளாக ஒட்டியிருப்பது எல்லாமே சீழ் அல்ல, பெரும்பாலும் செத்த திசு. ஓரம் துணி துவைத்த விரல் மாதிரி வெளுத்து ஊறியிருந்தால், டிரெஸ்ஸிங் நீரைத் தாங்கவில்லை அல்லது டயாபர் ஈரம் சேர்கிறது என்று அர்த்தம். வாடையைக் கழுவிய பிறகே பார்க்க வேண்டும். பழைய டிரெஸ்ஸிங்கைப் பிரித்ததும் வீசுவதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

இப்போது குதிகால். அது காய்ந்து, கெட்டியாக, ஓரம் விடாமல் ஒட்டியிருந்தால் உடம்பே போட்டுக்கொண்ட மூடி அது. அடியில் எவ்வளவு ஆழம் என்று தெரியாததால் அதற்கு ஸ்டேஜ் எண்ணும் கிடையாது. சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் ரத்த ஓட்டம் குறைவாக இருக்கலாம். அந்த நிலையில் பொருக்கைப் பிய்த்தால் மூடிய இடம் திறந்த புண்ணாகி, ஆறவும் வழியில்லாமல் போகும். பாதத்தின் நாடித்துடிப்பை மருத்துவரிடம் சோதிக்கச் சொல்லுங்கள். வலிக்கவில்லை என்று மாமியார் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்; சர்க்கரையில் நரம்பு மரத்துப்போயிருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது: தலையணையைக் கெண்டைக்கால் நெடுகிலும் கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வையுங்கள். குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு தாளை விட்டு இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். சாதாரண மெத்தையானால் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றுங்கள், சுமார் 30 டிகிரி சாய்வு போதும். நகர்த்தும்போது இழுக்காதீர்கள், விரிப்போடு சேர்த்து இருவராகத் தூக்குங்கள். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வேண்டாம், அது சுற்றிலும் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். நாங்கள் படித்த காலத்தில் சிவந்த இடத்தில் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துவிடுவோம், பவுடரும் அடிப்போம். அந்தப் பாவத்தை நீங்களும் செய்ய வேண்டாம். முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் சேருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குதிகால் பொருக்கு சதசதவென்று இளகினாலோ, ஓரத்தில் நீரோ சீழோ கசிந்தாலோ, சுற்றிலும் சிவப்போ சூடோ பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வழக்கத்துக்கு மாறாக அவர் குழம்பிப் பேசினாலோ, அடுத்த டிரெஸ்ஸிங் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.