பரண்ல கெடக்குற வேளாக் கொம்பு

கேள்வி: கடல்பசு மீன் சாதியா? (அதிராம்பட்டினம் வாசகி)

பதில்: இல்லீங்க, குட்டி போட்டு பால் குடுக்குறது அது. உங்க ஊர்ல ஆவுளியான்னு சொல்வாங்களே, அதேதான். சாப்பாடே கடல்புல்லுதான். 2022-ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டரை அதுக்குன்னே பாதுகாப்பகமா அறிவிச்சிருக்காங்க.

கேள்வி: எங்க தாத்தா வீட்டுப் பரண்ல ரெண்டு பக்கமும் பல்லு வச்ச ரம்பம் மாதிரி ஒரு கொம்பு கெடக்கு, பாட்டி சுறாக் கொம்புன்னு மஞ்ச குங்குமம் வச்சு கும்பிடும். போன மாசம் காலேஜ் பசங்க ரெண்டு பேர் வந்து போட்டோ எடுத்து பல்லை எண்ணி எழுதிக்கிட்டுப் போனாங்க. பல்லை எண்ணி என்ன பண்ணப் போறாங்க? வாட்ஸ்அப்ல ஒருத்தர் வெலைக்குக் கேக்குறார், குடுத்துடவா? (பூம்புகார் பக்கத்து வாசகர்)

பதில்: ஐயோ, வெலைக்கு மட்டும் குடுத்துடாதீங்க. அது வேளா மீனோட மூக்கு. 2001-லேருந்து வேளா வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, புலி இருக்குற அதே அட்டவணை, வித்தாலும் வாங்கினாலும் கேஸ்தான். வீட்டுல இருக்குறதையும் வனத்துறை ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வச்சுடுங்க.

வேளாச் சுறாம்பாங்களே தவிர அது திருக்கை சாதி, செவுள் அடிவயித்துப் பக்கம் இருக்கும். குட்டி போடுறப்போ தாய் வயிறு கிழிஞ்சுடாம குட்டியோட பல்லு மேல மெத்துன்னு ஒரு உறை மூடியிருக்கும், பொறந்தப்புறம் அது உதிர்ந்துடும். வேளாவுல பல வகை. பல்லு எத்தனை, எங்கேருந்து ஆரம்பிக்குதுன்னு பாத்தா வகை தெரிஞ்சுடும், அடியில கால்வாசி மொட்டையா இருந்தா அது ஒரு வகை. மீனே கண்ணுல படாத காலத்துல பரண்ல கெடக்குற கொம்புதான் அந்தப் பசங்களுக்கு சாட்சி, எந்த வருஷம் எந்த வலையில எந்த முகத்துவாரத்துல மாட்டுச்சுன்னு தாத்தா சொன்ன கதை ஞாபகம் இருந்தா அதையும் கூப்பிட்டுச் சொல்லுங்க, கொம்பை விட அது பெருசு.

ஏன் காணாமப் போச்சுன்னா, அந்த ரம்பமே அதுக்கு எமன். நைலான் வலையில ஒரு பல்லு மாட்டினா போதும், திமிறத் திமிற சுத்திக்கிட்டே போகும். குட்டிங்க வளர்றது ஆத்து முகத்துவாரமும் அலையாத்திக் காடும், நம்ம காவிரி முகத்துவாரம் இருக்குற லட்சணம்தான் தெரியுமே, மேகதாட்டுல ஆடு தாண்டும்பாங்க, கோடையில பூம்புகார்ல ஆளே தாண்டிடலாம். 61 நாள் தடைக்காலம் மத்த மீனுக்குச் சரி, இவ்ளோ மெதுவா பெருகுற சாதிக்கு அது பத்தாதுங்கறது என் அபிப்பிராயம்.

பாட்டியைக் கிண்டல் பண்ணாதீங்க. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவங்க சினைச் சுறாவோட கொம்பை நட்டு தெய்வமா கும்பிட்டதா பட்டினப்பாலையிலயே வருது, அது வேளாக் கொம்பாத்தான் இருக்கணும்னு நான் சொல்லுவேன், தமிழ் வாத்தியாருங்க சண்டைக்கு வந்தாலும் பரவாயில்ல.

உங்க ஊர் வலையில எப்பவாச்சும் உசுரோட மாட்டுச்சுன்னா ரம்பத்தை வெட்டாம வலையை அறுத்து விடச் சொல்லுங்க. பக்கவாட்டுல ஓங்கி வீசும், தள்ளி நின்னே அறுக்கணும்.