0.3 தானே என்று நினைக்காதீர்கள்

அப்பாவுக்கு ரத்த பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறைந்தால் அமிலம் கூடியது என்று பொருள்) 7.4க்குப் பதில் 7.1 என்று வந்திருக்கிறது, 0.3 குறைந்ததற்கா ஐசியு என்று கேட்டிருக்கிறீர்கள். பிஎச் மடக்கைக் (லாகரிதம்) கணக்கு, எண்ணில் சிறு மாற்றமும் அமிலத்தில் பெரிய மாற்றம். 0.3 இறங்கினால் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு மடங்காகும்: லிட்டருக்கு 40 நானோமோல் இருந்தது சுமார் 80. அவை புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் வடிவத்தையே மாற்றும், இதயத் துடிப்பு வரை தடுமாறலாம்.

சர்க்கரை எகிறிக் கீட்டோன் அமிலம் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாவது) சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராமே, அப்பாவின் ஆழ்ந்த மூச்சும் அதனால்தான். ரத்தத்திலுள்ள பைகார்பனேட் அமிலத்தைப் பிடித்துக் கார்பானிக் அமிலமாக்கும். அது தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். அந்த வாயுவை வெளியேற்றத்தான் அப்பா அவ்வளவு ஆழமாக மூச்சு விடுகிறார்.

அமிலத்தைக் குறைக்கச் சொந்தக்காரர் கொடுக்கச் சொன்ன சோடா உப்பு வேண்டவே வேண்டாம். இன்சுலின் ஏறினால்தான் கீட்டோன் உற்பத்தி நிற்கும்.