மகளுக்காகக் கீறிய அரிவரி

"பிள்ளை வளர்க்கிற அனுபவத்தால் நீங்கள் சொந்தமாகச் செய்த படைப்பு ஏதாவது உண்டா? இல்லை, பிள்ளை வந்ததும் அதெல்லாம் நின்றுவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டில் இப்போது ஒரு கைக்குழந்தை இருக்கிறது. நீங்கள் முன்பு எழுதவோ பாடவோ செய்தவர், இப்போது ஒரு வரியும் ஓடுவதில்லை என்று நினைக்கிறேன். பிழையாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள்.

எனக்கு நடந்தது நேர்மாறு. பிள்ளை பிறக்கும் வரை நான் ஒரு படமும் கீறியதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறவன். 36 வயதில் என் மகளுக்காக ஒரு அரிவரிப் புத்தகம் கீறி, நானே தைத்துக் கட்டினேன். பன்னிரண்டு உயிருக்கும் ஒரு ஆய்தத்துக்குமாகப் பதின்மூன்று பக்கம். மகள் இல்லையென்றால் அந்தப் பென்சிலை நான் எடுத்திருக்கவே மாட்டேன்.

2022 பங்குனி மாதம், இலங்கையின் பொருளாதார நெருக்கடிக் காலம் அது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பள்ளிக்கூடப் பரீட்சைகளையே தள்ளிப்போட்டார்கள். மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. மனைவி தாதி. வாரத்தில் மூன்று நாள் இரவு வேலை. அந்த இரவுகளில் மூன்று வயது மகளை இருட்டில் வைத்திருப்பது என் பொறுப்பு.

அம்மா பழைய ஜாம் போத்தல் ஒன்றைத் தேடி எடுத்தார். உள்ளே பஞ்சை வைத்து, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, நூல்திரியைக் கம்பியில் கோத்துக் கொளுத்தினார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத காலத்தில் நான் அ, ஆ படித்தது இந்த விளக்கில்தான். கைவிட்டுப்போன பழக்கம் ஒரு நிமிடத்தில் அம்மாவின் கைக்குத் திரும்பி வந்ததைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

அந்த வெளிச்சத்தில் மகளுக்குக் காட்ட இருந்தது கடையில் வாங்கிய ஒரு அரிவரிப் புத்தகம். நல்ல பளபளப்பான தாள். ஒ என்றால் ஒட்டகம், ஓ என்றால் ஓநாய். ஒட்டகம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பாலைவனத்தில் என்றேன். பாலைவனம் எங்கே என்றாள். ஓநாய் என்றால் வீட்டு நாய் மாதிரியா என்றாள். பக்கம் பக்கமாக இப்படியே போய், கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "அப்பா, எங்கட வீட்டில இருக்கிற ஒண்டும் இதில இல்லையோ?"

ஒட்டகத்தைப் பிள்ளைக்குச் சொல்லக்கூடாது என்று நான் வாதாட வரவில்லை. உலகம் பெரிது, எல்லாவற்றையும் அறியட்டும். ஆனால் முதல் எழுத்தோடு வருகிற முதல் பொருள் பிள்ளை தொட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம். அடுத்த நாள் கடையில் விற்காமல் கிடந்த பழைய கலண்டர்களை முதலாளியிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்பக்கம் வெள்ளை, தடித்த தாள். அந்த நேரம் ஒரு பிறிஸ்டல் மட்டை வாங்கவே யோசிக்க வேண்டியிருந்தது.

அ என்ற எழுத்துக்கு அன்னமுன்னா. எங்கள் கிணற்றடியில் நிற்கிற சீத்தாப்பழ வகை மரம்தான். ஆ ஆடிக்கூழ். இ என்றதும் எனக்கு மணற்காட்டு மணல்மேடுதான் ஞாபகம் வந்தது: இராவணன் மீசை, கடற்கரை மணலில் வளர்கிற முள்ளுப்புல். அதன் காய்ந்த முள்ளுப்பந்து காற்றில் உருண்டோட, மகள் பின்னால் ஓடியிருக்கிறாள். ஈர்க்கு, எள்ளுப்பாகு, ஐஸ்பழம், ஒடியல் என்கிற காயவைத்த பனங்கிழங்கு, ஓரா மீன் என்று மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

உவும் ஊவும்தான் எனக்கு மிகப் பிடித்த பக்கங்கள். குறிலுக்கும் நெடிலுக்கும் என்ன வித்தியாசம் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அம்மாதான் வழி காட்டினார். உமல் என்றால் மீன் வாங்கப் பின்னிய பனையோலைப் பை. ஊமல் என்றால் கிழங்கு எடுத்த பிறகு எஞ்சுகிற காய்ந்த பனங்கொட்டை. இரண்டும் பனையில் இருந்து வந்தவை, ஒலி நீண்டால் பொருள் மாறிவிடுகிறது. இரண்டையும் மகளின் கையில் கொடுத்தோம். வளவுக்குள் கிடந்த ஊமல்களைப் பொறுக்கி உமலுக்குள் போட்டுக்கொண்டு, உமலுக்குள் ஊமல், உமலுக்குள் ஊமல் என்று ஒரு பின்னேரம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். இந்த இரண்டு சொற்களையும் எந்த அரிவரியிலும் நான் கண்டதில்லை. இன்று எங்கள் ஊர் இளம் பெற்றோரில் பாதிப் பேருக்கு இவை தெரியுமா என்பதும் சந்தேகம்.

ஏ என்றால் ஏணை. சேலைத் தொட்டிலுக்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. கூரை வளையில் இருந்து தொங்குகிற சேலையைக் கீறிக் காட்டினேன். "உள்ளுக்கு ஆர்?" என்று கேட்டாள். பிள்ளை முகம் கீற எனக்கு வராது. அதனால் சேலைக்கு வெளியே ஒரு சின்னப் பாதத்தை மட்டும் நீட்டிவிட்டேன். அவளுடைய காலைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டுப் பார்த்தேன், பக்கத்துக்குப் பெரிதாகிவிட்டது. சுருக்கிக் கீறினேன். அன்றிலிருந்து படுக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து, தன் பாதத்தை அந்தப் பாதத்தோடு ஒட்டி வைத்துப் பார்ப்பாள்.

ஔவில் சிக்கிக்கொண்டேன். எங்கள் வளவில் ஔவில் தொடங்குகிற ஒன்றும் இல்லை. வேறு வழியில்லாமல் ஔவையாரைக் கீறத் தொடங்கினேன். பாதி கீறும்போதே நரைத்த தலையைப் பார்த்துவிட்டு மகள், "இது அப்பம்மா" என்றாள். அம்மா சம்மதிக்கவில்லை. "தம்பி, பொல்லுப் பிடிக்கிற அளவுக்கு நான் இன்னும் வரேல்லை" என்றார். சரி என்று பொல்லை அழித்துவிட்டு, கையில் ஈர்க்கு விளக்குமாற்றைக் கொடுத்தேன். எங்கள் புத்தகத்தில் ஔவையார் முற்றம் கூட்டுகிறார்.

ஆய்தத்தை அந்த வருடத்துக் கஷ்டமே தந்தது. எரிவாயு கிடைக்காமல் முற்றத்தில் மூன்று கல் வைத்து விறகு எரித்துச் சமைத்தோம். சாம்பல் அள்ளிய பிறகு வெறுமையாக நின்ற மூன்று கல்லையும் மேலிருந்து பார்த்தபடியே கீறினேன். அவளுக்கு ஃ இன்றும் "அடுப்பு எழுத்து"தான்.

பக்கங்களைச் சாக்குத் தைக்கிற ஊசியால் துளைத்து, தங்கூசி என்கிற நைலோன் இழையால் தைத்தேன். நூல் என்றால் பிள்ளை இழுத்து அறுத்துவிடும், தங்கூசி அசையாது. அது கையை வெட்டும், முடிச்சை வெளியே விடக்கூடாது. முடிச்சை நடுத்தாளுக்கு உள்பக்கம் வைத்து, மேலே துணித்துண்டு ஒன்றை ஒட்டினேன். ஓரங்களுக்கு அகல ஒட்டுநாடா. அந்த வருடம் ஒக்டோபர் 5 விஜயதசமி. பச்சையரிசியில் மகளின் விரலைப் பிடித்து ஏடு தொடக்கிய அன்று, புத்தகத்தை அவள் மடியில் வைத்தோம்.

இதை ஒரு படைப்பென்று சொல்லலாமா என்று சிலர் கேட்பீர்கள். சொந்தத்தில் ஒரு பெரியவர் நேரடியாகவே கேட்டார், "அரிவரி எழுதுகிறது பண்டிதர்மாருடைய வேலை, உனக்கு என்ன தகுதி?" என்று. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்து, 1850களின் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்குப் பாலபாடம் அச்சிட்ட ஊர் இது. அவர் ஆயிரம் பிள்ளைகளுக்குச் செய்தார். நான் ஒரு பிள்ளைக்குச் செய்தேன். ஒரு பிள்ளைக்குச் செய்யத் தகப்பனாக இருக்கிற தகுதி போதும்.

இன்னொரு கேள்வியும் வரும்: பிள்ளையை அம்மா பார்க்க, அப்பாவுக்குப் படம் கீற நேரமா என்று. நியாயமான கேள்வி. நான் கீறியது மனைவி வேலைக்குப் போன இரவுகளில், மகளை நித்திரையாக்கிய பிறகு. மனைவி வீட்டில் நின்ற நாட்களில் பென்சிலைத் தொடவில்லை. தனக்கென்று ஒரு மணித்தியாலமும் கிடைக்காத தாய்மாரிடம் போய், நீங்களும் செய்யுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். முதலில் வீட்டில் மற்றவர் பிள்ளையை வாங்கிக்கொள்ளவேண்டும்.

புத்தகம் முடிந்து ஒரு வருடத்தில் மகள் முன்பள்ளிக்குப் போனாள். ஒருநாள் படத்தோடு வந்தாள். இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையில் இருந்து இறங்குகிற ஆறு. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அதையே கீறியிருந்தார்கள், பலகையைப் பார்த்து. யாழ்ப்பாணத்தில் மலை எங்கே இருக்கிறது? மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறுதான் எங்களுக்கு ஆறு. "கீரிமலையில மலை எங்க அப்பா?" என்று கேட்டாள். இவள் அடுத்த நாள் பனையும் துலாக்கிணறும் கீறினாளாம், மலை எங்கே என்று கேட்டார்களாம். அந்த ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். குறைந்த சம்பளத்தில் இருபது பிள்ளைகளைச் சமாளிக்கிறார், அவருக்கும் சின்ன வயதில் அந்த மலையைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் மகள் பிறகு ஒரு மாதம் பனையே கீறவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. புத்தகத்தை ஒரு உறவினர் பார்த்துவிட்டு, "வடிவாய் இருக்கு, ஒரு நாளைக்குத் தா" என்று வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து ஒரு உதவி நிகழ்வில் அது கறுப்பு வெள்ளைப் பிரதியாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டதை முகநூலில் கண்டேன். அட்டையில் பணம் கொடுத்தவருடைய படம். உள்ளே என் அம்மா விளக்குமாற்றோடு நிற்கிறார். என் பெயர் இல்லை என்பது எனக்குப் பெரிதாகப்படவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். புத்தகத்தை நீட்டிப் பிடித்தபடி வெயிலில் வரிசையில் நின்ற பிள்ளைகளின் முகங்கள்தான் மனதை வருத்தின. ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்க எங்கள் பிள்ளைகள் எத்தனை முறை இப்படிப் படத்துக்கு நிற்கவேண்டும்? போரால் வந்த 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நாங்கள் இருந்தபோது, எனக்கு ஒன்பது வயது. யாரோ ஒருவர் எங்கள் எல்லாருக்கும் கொப்பி கொண்டுவந்து தந்தார். யார் என்று இன்றுவரை தெரியாது. படமும் எடுக்கவில்லை. அந்தக் கொப்பியின் மணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெளிநாட்டில் உழைத்து அனுப்புகிறவர்களின் மனதை நான் மதிக்கிறேன், அவர்கள் இல்லாவிட்டால் பல வீடுகளில் அடுப்பெரியாது. கொடுங்கள், ஆனால் பிள்ளையின் முகத்தைப் படம் பிடிக்காமல் கொடுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நேரம் கிடைக்குமா என்று யோசிக்காதீர்கள், கிடைக்காது. பிள்ளை கேட்கிற கேள்வியில் ஒன்று உங்களைக் குத்தும். அதைக் குறித்து வையுங்கள். என்னிடம் வந்தது அரிவரி. எனக்குத் தெரிந்த ஒருவர், கிளி, வெள்ளாடு, வாசலில் வந்து கூவுகிற மீன்காரர் என்று மகன் போலச் செய்து காட்டுகிற ஒலிகளையெல்லாம் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறார். மனைவியின் தோழி, மகள் பேசிய பிழைச் சொற்களை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுகிறார். எழுதாவிட்டால் அந்தச் சொற்கள் ஆறு மாதத்தில் மறைந்துபோகும், பிள்ளை திருத்தமாகப் பேசத் தொடங்கிவிடும். வந்தவர்களுக்குக் காட்டவேண்டும் என்று தொடங்காதீர்கள். நான் அப்படி நினைத்துக் கீறிய இரண்டு பக்கங்கள் வந்தவர்களுக்குப் பிடித்தன, மகளுக்குப் பிடிக்கவில்லை. கிழித்துவிட்டுத் திரும்பக் கீறினேன்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. தம்பிக்கு ஒன்றரை. புத்தகம் அவன் கைக்குப் போய்விட்டது. போன கிழமை ஏணைப் பக்கத்தைச் சரியாக நடுவில் கிழித்துவிட்டான். நான் திரும்பக் கீற உட்கார்ந்தேன். மகள் கலண்டர் தாளை என்னிடம் இருந்து வாங்கிக்கொண்டாள், தான்தான் கீறுவாளாம். சேலையைக் கீறி முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "அப்பா, ஆற்ற காலைக் கீறுறது? என்ர காலையோ, தம்பின்ர காலையோ?"

உன் விருப்பம் என்றேன். தம்பியைத் தூக்கிவந்து அவன் பாதத்தைத் தாளில் அமத்திப் பிடித்தாள். அவன் சிரித்துக்கொண்டு காலை இழுத்தான், கோடு குதிக்காலுக்குப் பக்கத்தில் ஓடி வெளியே போய்விட்டது. அவள் அதை அழிக்கவில்லை. நேற்றிரவு அந்தப் பக்கத்தைத் தங்கூசியால் தைத்துச் சேர்த்தேன்.